மூங்கிற் பிளவில் மிளகுக் கன்று

கண்டியிலிருந்து மாத்தளை வழியாகத் தம்புள்ளை நோக்கிச் செல்லும் பெருந்தெருவிற் பயணஞ் செய்தோர், வழியிலே வரிசையாய் அமைந்த வாசனைத் திரவியத் தோட்டங்களைக் கண்டிருப்பர். ஏலம், கறுவா, சாதிக்காய், கொக்கோ, மிளகு என ஒவ்வொன்றிலும் சில மரங்களையும் கொடிகளையும் நட்டு, பெயர்ப்பலகை தொங்கவிட்டு, வெளிநாட்டார்க்கு விளக்கிக் காட்டுவது அங்குள்ளார் தொழில். அத்தோட்டங்களைப் பற்றி எழுதியோர் பலர். யான் எழுதப் புகுவது அவற்றைப் பற்றியன்று.

இரத்தோட்டை, உக்குவளை, யட்டவத்தை முதலிய ஊர்களில் வீட்டின் பின்புறத்தே, பலா மர நிழலிலோ கிணற்றடியிலோ, முழங்காலளவே உயரமுள்ள ஒரு பொலித்தீன் கூடாரம் சிலவேளை கண்ணிற்படும். வளைத்து ஊன்றிய மூங்கிற் சிம்புகளின்மேற் பொலித்தீனைப் போர்த்து, நான்கு ஓரங்களையும் மண்ணிட்டு மூடியிருப்பர். உட்புறத்தே வியர்த்தது போல நீர்த்துளி அரும்பி நிற்கும். வழிப்போக்கர் அதனை ஒரு பொருட்டாகக் கருதார். ஆயினும் அதனுள்ளே இருநூறோ முந்நூறோ மிளகுக் கன்றுகள் வேர்கொள்ள முயன்றுகொண்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்று நன்றாய்ப் பிழைத்து நிலத்திற் சென்றால் இருபது ஆண்டளவு ஒரு குடும்பத்துக்குப் பயன்தரும். குறையோடு பிறந்து நிலத்திற் சென்றால் விளைவது யாது என்பதைப் பின்னர்க் கூறுவேன். அது யான் செய்த பிழையோடு தொடர்புடையது.

இக்கூடாரத்தை எப்பெயரால் வழங்குவது? ஆங்கிலத்தார் தம் நாட்டிலே குளிர்காலத்திலும் இலையுதிராத தோடை முதலிய மரங்களைக் காத்தற்குக் கட்டிய கண்ணாடி மனையைக் குறித்த சொல்லை, நம் பாடநூலார் 'பச்சை வீடு' என்று மொழிபெயர்த்தனர். தமிழகத்தார் 'பசுமைக்குடில்' என்றனர். பச்சை வீடு என்றதும் பச்சை வண்ணம் பூசிய வீட்டை நினைக்கும் மாணவரை யான் கண்டதுண்டு. பச்சையாயிருப்பது வீடன்று, உள்ளிருக்கும் தாவரமே. குடில் என்ற சொல் எனக்கு உவப்பானது. முழங்காலளவு கூடாரத்துக்கு வீடென்னும் பெயர் சற்று மிகையாகும்.

கன்று என்னும் சொல்லில் இத்தகைய தடுமாற்றம் இல்லை. தொல்காப்பியத்து மரபியல், ஓரறிவுயிரின் இளமையைப் பிள்ளை, குழவி, கன்று, போத்து என்னும் பெயர்களால் வழங்குதல் அமையும் என்று கூறி, நெல்லையும் புல்லையும் அவ்வழக்கினின்று விலக்குகின்றது. இன்றும் நாம் தென்னம்பிள்ளை என்கிறோம், மிளகுக் கன்று என்கிறோம்; நெல்லுக்கோ நாற்று என்கிறோம். பசுவின் கன்றையும் மிளகின் கன்றையும் ஒரே சொல்லால் அழைத்த மக்கள், இரண்டையும் ஒரே வகையிற் பேணவும் அறிந்திருந்தனர் போலும். ஓரறிவுயிரின் அறிவு தொட்டுணர்வது என்பதும் அந்நூலின் கொள்கை. கன்று வளர்ப்போன் பெறும் செய்தியிற் பெரும்பகுதியும் தொட்டறிவதாகவே இருப்பதை இவ்வேலையிற் பழகப் பழக யான் உணர்ந்தேன்.

மிளகு நமக்குப் புதிய பொருளன்று. பழந்தமிழ் நூல்களிலே அதற்குக் கறி என்று பெயர். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிலே மிளகு மூடைகள் வந்திறங்கியதைக் கூறும். யவனர் மரக்கலங்கள் பொன்னொடு வந்து கறியொடு மீண்டதை அகநானூறு கூறும். பின்னாளில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசர் வழியாக வேறொரு காரப்பொருள் வந்தபோது, அதற்குப் புதுப்பெயர் தேடாது, மிளகோடு காயைச் சேர்த்து மிளகாய் என்றனர் தமிழர். சிங்கள மொழியில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு. புதிதாய் வந்த மிளகாய் 'மிரிஸ்' என்ற பெயரைத் தனதாக்கிக்கொள்ள, பழைய மிளகு ஓர் அடைமொழி பூண்டு 'கம்மிரிஸ்' ஆயிற்று. மாத்தளைச் சந்தையில் இவ்விரு மொழியும் ஒருங்கே ஒலிக்கக் கேட்கும்போதெல்லாம், வந்தவனுக்குப் பெயரை ஈந்து தான் ஒதுங்கி நின்ற மிளகை எண்ணிப் புன்முறுவல் கொள்வேன். இது நிற்க.

மிளகுக் கொடியிலே மூவகைக் கிளைகள் உண்டு. மரத்தைப் பற்றி மேலேறும் தண்டு ஒன்று. அதன் கணுதோறும் பற்றுவேர் இருக்கும். அதிலிருந்து பக்கவாட்டிற் பிரிந்து காய்க்கும் கிளை மற்றொன்று. அடியிலிருந்து புறப்பட்டுத் தரையிலே ஓடுவது மூன்றாவது. காய்க்கும் பக்கக் கிளையை வெட்டி நட்டால் அது மரமேறாது. செடியாய்ப் புதர்த்து நிற்கும். ஆதலின் கொடி வேண்டுவோர் ஏறுதண்டையோ ஓடுகொடியையோதான் நாட வேண்டும். ஒரு தாய்க்கொடியிலிருந்து ஓராண்டிற் கிடைக்கும் ஓடுகொடிகளோ சிலவே. நல்ல கொடி ஒன்றைக் கண்டோமாயினும் அதன் வழித்தோன்றல்களை விரைவிற் பெருக்க இயலாமையே நெடுங்காலம் மிளகுச் செய்கையின் இடையூறாயிருந்தது.

இவ்விடையூற்றை நீக்கிய முறை நம் இலங்கையிலே தோன்றியது என்பது பலர் அறியாத செய்தி. பவப்பா, குருசிங்க என்னும் ஆய்வாளர் இருவர் அதனை 1978ஆம் ஆண்டில் ஆய்விதழொன்றில் வெளியிட்டனர். பின்னர்க் கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தார் அதனைச் சில மாற்றங்களுடன் ஏற்றுப் பரப்பினர். மிளகின் தாயகமாகிய மலையாள நாடு நம்மிடமிருந்து ஒரு முறையைக் கற்றது என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு சிறு பெருமிதம் உண்டு; அதனை மறைக்க விரும்பவில்லை. மாத்தளையிலேதான் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. 1972ஆம் ஆண்டில் சிறு ஏற்றுமதிப் பயிர்களுக்கென்று நிறுவப்பட்ட திணைக்களமே பின்னர் இப்பெயர் பெற்றது.

முறை மிக எளிது. நாலைந்து அடி நீளமுள்ள மூங்கிலை நெடுக்காகப் பிளந்து, கணுத் தடுப்புகளை நீக்கினால் ஓடை போன்ற ஒரு பிளவு கிடைக்கும். அதனை நிழலிலே, அடிப்புறம் தரையைத் தொட, பாதிச் சாய்வாகச் சார்த்தி, தும்புத்தூளும் மக்கிய சாணமும் கலந்து நிரப்ப வேண்டும். அடியிலே வேர்கொண்ட ஒரு கன்றை நட்டு, கொடி வளர வளர ஒவ்வொரு கணுவும் அக்கலவையிற் படியும்படி வாழை நாரினாற் கட்டிக்கொண்டு வர வேண்டும். மூன்று நான்கு மாதத்திற் கொடி மூங்கிலின் தலையை எட்டும். அதற்குள் கணுதோறும் வேர் அடர்ந்திருக்கும். அப்போது நுனியைக் கிள்ளி, அடியில் மூன்று கணுக்களை விட்டு அதற்கு மேலே தண்டை நசுக்கிவிட வேண்டும். வெட்டுதல் ஆகாது, நசுக்குதலே வேண்டும். மேற்செல்லும் வளர்ச்சி தடைப்படவே, கணுக்களில் உறங்கிக் கிடக்கும் மொட்டுகள் விழித்துக்கொள்ளும். பத்து நாளின் பின் கொடியை எடுத்து, ஒவ்வொரு கணுவையும் அதன் வேரோடும் இலையோடும் தனித்தனியே அறுத்துப் பொலித்தீன் பையில் நடலாம். அடியில் விட்ட மூன்று கணுக்கள் மீளவும் தளிர்க்கும். இவ்வாறு ஒரு தாயிலிருந்து ஓராண்டில் ஏறத்தாழ நாற்பது கன்றுகள் பெறலாம் என்பது நூல்வழக்கு. என் மூங்கில்கள் அவ்வளவு தந்ததில்லை. முப்பதைத் தாண்டிய ஆண்டே எனக்கு நல்லாண்டு.

பையில் நட்ட கணுவுக்கு அடுத்த மூன்று வாரமே கண்டம். அறுபட்ட துண்டின் வேர் இன்னும் மண்ணைப் பற்றவில்லை. இலையோ நீரை ஆவியாக்கி வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். வரவின்றிச் செலவு மட்டும் நிகழும் குடும்பம் போன்றது அதன் நிலை. கூடாரத்தின் வேலை அச்செலவை நிறுத்துவதே. உள்ளே காற்று நீராவியால் நிரம்பிவிட்டால் இலை மேலும் நீரை இழக்க இடமில்லை. வேர் வருமளவும் துண்டு பொறுத்திருக்கும். குளிர்நாட்டார் வெப்பத்தைச் சிறைப்படுத்தக் கண்ணாடி மனை கட்டினர். நாமோ ஈரத்தைச் சிறைப்படுத்தக் கூடாரம் கட்டுகிறோம். வெப்பம் நமக்கு இங்கே பகை. கூடாரத்தின் மேலே கிடுகோ நிழல்வலையோ இன்றி நண்பகல் வெயில் நேரே விழுந்தால், உள்ளிருப்பது ஒரு மணி நேரத்தில் அவிந்த கீரையாகும்.

இம்மூடிய கூடாரத்துக்கு ஒரு முன்னோர் உண்டு. 1829ஆம் ஆண்டளவில் இலண்டன் மாநகரிலே நத்தானியேல் வார்ட் என்னும் மருத்துவர், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு குப்பியில் இட்டு மூடிவைத்தார். பூச்சியைக் காணக் காத்திருந்தவர் கண்டது, அம்மண்ணிலே தானாக முளைத்த ஒரு பன்னச் செடியை. அந்நகரின் புகையிற் பிழைக்காத செடி, மூடிய குப்பியிலே தழைத்தது. அவர் பெயராலே வழங்கிய கண்ணாடிப் பேழைகளிற் கடல் கடந்த பயிர்கள் பல. 1876ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கியூ பூங்காவிலிருந்து இரப்பர்க் கன்றுகள் அத்தகைய பேழைகளிலேதான் இலங்கைக்கு வந்தன. கம்பகாவுக்கு அண்மையில் உள்ள ஹெனரத்கொடைப் பூங்கா அவற்றுக்கென்றே அமைந்தது.

மற்றொரு வார்ட் அவர்களையும் மலைநாட்டார் மறத்தலாகாது. 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியிலே கோப்பி இலையின் கீழ்ப்புறத்திற் செம்மஞ்சட் பொடி காணப்பட்டது. பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவைற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, பார்க்லி என்னும் அறிஞர் அப்பூஞ்சணத்துக்குப் பெயரிட்டார். தோட்டத் துரைமார் பலர் அதனைப் பொருட்படுத்தினாரல்லர். பதினோராண்டு கழிந்து, 1880ஆம் ஆண்டிலேதான் மார்ஷல் வார்ட் என்னும் இளைஞர் நோயை ஆராய அழைக்கப்பட்டார். காற்றிற் பறக்கும் நுண்வித்துகளால் அது பரவுதலையும், மலை மலையாய் ஒரே பயிரை இடையீடின்றி நட்டமை அதற்கு வழிகோலியதையும் அவர் விளக்கினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. மாத்தளைக்குப் புகையிரதம் வந்ததும் அதே 1880ஆம் ஆண்டில்தான். கோப்பியை ஏற்றிச் செல்ல வந்த வண்டி அதன் வீழ்ச்சியைக் கண்டது. மன்னார்க் கரையிலிறங்கித் தம்புள்ளைக் காட்டுவழியே மாத்தளைக்குக் கால்நடையாய் வந்த நம் மக்கள், வழியில் மாண்டோர் போக எஞ்சியோர், அக்கோப்பியை நம்பி வந்தவரே. இலையின் கீழ்ப்புறத்தைத் திருப்பிப் பாராமையின் விலையை முதலிற் கொடுத்தோர் அவர்களே என்பதில் எனக்கு ஐயமில்லை.

இலையின் கீழ்ப்புறம் என்று இங்குச் சொன்னதைக் குறித்துக்கொள்க.

யான் கூடாரம் போட்ட முதலாண்டு, கன்றுகளை மூடி மூன்றாம் நாள் க.பொ.த. சாதாரண தர விடைத்தாள் திருத்தும் பணிக்குச் செல்ல நேர்ந்தது. பத்து நாள் வீட்டிலிருக்க மாட்டேனே என்ற அச்சத்தினால், பைகளில் நீர் ததும்பும்படி ஊற்றி, ஓரங்களை இறுக மூடிச் சென்றேன். மீண்டு வந்து ஓரத்தைத் தூக்கியபோது முதலில் வந்தது நாற்றம். இலைகள் கறுத்து வழுவழுத்துக் கிடந்தன. தண்டின் அடி கறுத்து, தொட்டவுடன் கழன்று வந்தது. நூற்றெண்பது பைகளில் எஞ்சியவை இருபத்திரண்டு.

திணைக்களத்து விரிவாக்க உத்தியோகத்தர் ஒருவர் வந்து பார்த்தார். கடிந்துகொள்ளாமல், ஓர் இலையை எடுத்து வெயிலுக்கு எதிரே பிடிக்கச் சொன்னார். கறுப்புப் புள்ளியின் விளிம்பு நார்நாராய்ப் பிரிந்து, கிழிந்த துணியின் ஓரம் போலிருந்தது. "விளிம்பிலே மஞ்சள் வளையம் இருந்தால் அது வேறு நோய், அவ்வளவு அவசரமில்லை, இப்படி நார் பிரிந்திருந்தால் அன்றைக்கே எடுத்துவிட வேணும் ஐயா" என்றார். பைற்றோப்தோரா என்று அதற்குப் பெயர். 1845ஆம் ஆண்டில் அயர்லாந்து நாட்டின் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்தை விளைத்ததும் இவ்வினத்தைச் சேர்ந்த மற்றொன்றே. அதன் நுண்வித்துக்கு வால் உண்டு. நீர்ப்படலத்திலே நீந்திச் செல்லும். யான் அன்போடு ஊற்றிய நீர் அதற்குக் குளமாயிற்று. அன்பு மிகுதியாற் கெடுத்தேன் என்று சொல்வது அழகான சொல்தான். உண்மையோ, பையின் எடையை அறியாது ஊற்றினேன் என்பதே.

அவர் கற்பித்தவற்றுள் எனக்கு நிலைத்துப் பயன்பட்டது பையைத் தூக்கிப் பார்த்தல். ஈரமான பையின் எடை கைக்குப் பழகிவிட்டால் அளவுகோல் வேண்டா. ஐயம் உண்டாயின் விரலின் ஒரு கணுவளவு மண்ணில் விட்டுப் பார்ப்பது. நீரைக் காலையில் ஊற்ற வேண்டும். மாலையில் ஊற்றினால் இலை இரவெல்லாம் நனைந்து நிற்கும், நீந்தும் வித்துக்கு அதுவே வேண்டும். கூடாரத்தின் உட்புறத் துளிகளும் பேசும். விடியலிலே துளி நிறைந்திருந்தால் மூடல் சரி. ஒரு மூலையில் மட்டும் துளியின்றிப் பொலித்தீன் தெளிவாயிருந்தால் அங்கே எலியோ கோழியோ துளையிட்டிருக்கின்றது என்பது பொருள். கன்று புதுத்தளிர் விட்டபின் ஒருநாளிற் கூடாரத்தை நீக்கிவிடுதலும் தவறு. முதலில் ஒரு முனையைத் திறந்து, இரண்டு நாள் சென்று மறு முனையையும் திறந்து, பின்னர் மாலைவேளையில் மட்டும் முழுதும் நீக்கி, ஒரு வாரத்திற்கு மேல் வெளிக்காற்றுக்குப் பழக்க வேண்டும். முதன்முறை பள்ளிக்கு வரும் குழந்தையை வாயிலில் விட்டு ஓடிவிடும் பெற்றோரை நாம் கண்டிருக்கிறோம் அல்லவா?

பள்ளி என்றதும் இடாப்பு நினைவுக்கு வருகின்றது. பழைய வரவு இடாப்பு ஒன்றையே யான் கன்றுகளுக்கு வைத்திருக்கிறேன். வரிசைக்கு ஓர் எழுத்து, பைக்கு ஓர் எண். அ-7 இலை வெளிறியது, உ-12 எறும்பு, என்று ஞாயிறுதோறும் குறிப்பேன். வீட்டார் நகைப்பர். ஆனால் எழுதிவைத்தாலன்றி, ஒரு கன்று மூன்று வாரமாய் வளராமல் நின்றது கண்ணுக்குப் புலப்படாது. நன்றாய்ப் படிக்கும் மாணவனும் குழப்படி செய்பவனும் ஆசிரியன் கண்ணில் தானே படுவர். நடுவே ஓசையின்றி அமர்ந்து பின்தங்குபவனை இடாப்பும் புள்ளிப் பட்டியலுமே காட்டித் தரும்.

எறும்பைக் குறித்தல் ஏன் என்று கேட்கலாம். எறும்பு மிளகிலையைத் தின்பதில்லை. அது தண்டில் மேலும் கீழும் செல்வதாயின், மேலேயோ வேரிலேயோ மாவுப்பூச்சி இருக்கின்றது. அப்பூச்சி சாற்றை உறிஞ்சிக் கழிக்கும் இனிப்பு நீருக்காகவே எறும்பு வருகின்றது. மாவுப்பூச்சியோ தன்னளவில் பெருந்தீங்கு செய்யாவிடினும், ஒரு கொடியின் நச்சுநுண்மத்தை, அதாவது வைரசை, மற்றொரு கொடிக்கு ஏற்றிச் செல்லும். மஞ்சட் சித்திர நோய் எனத்தக்க அந்நோய்க்கு மருந்தில்லை. தளிர் இலையிலே வெளிறிய மஞ்சட் புள்ளிகள் பரவும், இலை சிறுத்துக் குறுகி நெளியும், கணுவிடை குட்டையாகும், காய்க்குலை நீளாது. கொடி உடனே மடிவதுமில்லை. ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாய்த் தேயும். உரக்குறையால் வரும் மஞ்சளை இதனோடு மயங்கலாகாது. தழையுரம் குறைந்தால் முதிர்ந்த இலை ஒருசீராய் மஞ்சளாகும். இந்நோயிலோ இளந்தளிரே திட்டுத் திட்டாய் வெளிறும்.

மாவுப்பூச்சி பரப்புவதைவிட இந்நோயை மிகுதியாய்ப் பரப்புவோர் நாமே. நோயுற்ற தாயின் ஒவ்வொரு கணுவும் நோயுற்ற கன்றாகும். ஒரு தாய்க்கு ஐந்து கன்று கிடைத்த காலத்தில் அப்பிழை ஐந்தோடு நின்றது. மூங்கிற் பிளவு வந்தபின் அது நாற்பதாயிற்று. விரைவு நன்மையை மட்டும் தேர்ந்து பெருக்குவதில்லை.

இதனை யான் நூலிற் படித்து அறிந்தேனல்லேன். முதலாண்டு இழப்பின் பின், மறு ஆண்டில் அண்டை ஊரொன்றிலிருந்து அழகிய கொடி ஒன்றைத் தாயாகக் கொண்டேன். செழித்து வளர்ந்தது, கன்றுகளும் ஒன்றுகூட அழுகவில்லை. இடாப்பிற் சில இடங்களில் 'தளிர் சற்று வெளிறல்' என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். நிழல் மிகுதியாலாயது போலும் என்று எனக்கு யானே விடையும் கூறிக்கொண்டேன். அவ்வாண்டு என் மாணவன் ஒருவனின் தந்தைக்கு முப்பத்தைந்து கன்று கொடுத்தேன். தோட்டத்து லயத்தில் வாழ்பவர் அவர். லயத்தின் பின்னேயிருந்த சிறு காணித் துண்டிலே கிளிரிசிடியாக் கம்புகளை ஊன்றி, அவற்றின்மேற் கன்றுகளை ஏற்றினார். விலை வாங்கவில்லை என்பதில் எனக்கு மனநிறைவும் இருந்தது.

2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை தளர்ந்தது வாசகர் அறிந்ததே. கொடிகள் எங்கும் வெளிறிய காலம் அது. அடுத்த ஆண்டின் பொருளாதார நெருக்கடியிற் பொலித்தீனின் விலை ஏற, பழைய பொலித்தீனையே கழுவிக் கழுவிக் கட்டினோம். மங்கிப்போன அப்பொலித்தீனுக்குள் எல்லாம் மஞ்சளாகவே தோன்றின. எதைக் கண்டாலும் உரமில்லாமையே காரணம் என்று கூறிவிட்டு மேலே செல்வது எளிதாயிருந்தது. அம்மாணவனின் தந்தையும் அவ்வாறே எண்ணிக் காத்திருந்தார். உரம் வந்தது, இட்டார், கொடி தேறவில்லை. ஒருநாள் மாலை ஒரு கொப்பை ஒடித்துத் தாளிற் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"ஐயா, இலையெல்லாம் சின்னதாப் போச்சுங்க. மூணு வருசம் பார்த்தேன். என்னோட மண்ணுதான் சரியில்லையோ என்னமோங்க" என்றார்.

தாளைப் பிரித்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. எழுந்து சென்று என் மூங்கிலடியில் நின்ற தாய்க்கொடியைப் பார்த்தேன். தளிரை விலக்கி நோக்கினால் அதே புள்ளி, அதே நெளிவு. மண் சரியில்லை என்று அவர் தம்மையே குறைகூறிக்கொண்டு வந்திருக்கிறார். குறையோ என் இடாப்பிலே, என் கையெழுத்திலே இருந்தது. இதனை அவரிடம் அன்றே சொன்னேன். சொல்லுதல் எளிதாயிருக்கவில்லை. அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "அப்ப, புடுங்கிறணுங்களா?" என்று கேட்டார்.

பிடுங்கத்தான் வேண்டும். வேரோடு தோண்டி எரித்தோம், அவருடைய முப்பத்தைந்தையும் என்னுடைய தாயையும். எஞ்சிய என் கன்றுகள் நூற்றுக்கு மேல் இருந்தன. தோற்றத்தில் அவற்றுட் பல நலமுடையனவே. இந்நுண்மம் குறியொன்றும் காட்டாமல் உள்ளே இருத்தலுங் கூடும் ஆதலின், அவற்றையும் விடவில்லை. கன்று வாங்க வந்து காத்திருந்த ஒருவர், "நல்லாத்தானே மாஸ்டர் இருக்கு, எனக்குக் குடுங்கோவன்" என்று வருந்திக் கேட்டார். அன்று இல்லை என்று சொன்னதே இவ்வேலையில் யான் செய்த கடினமான செயல். அக்கன்றுகளை இட்ட தீ மூன்று நாள் புகைந்தது.

இப்போது தாய்க்கொடியைத் தேரும் முறை மாறிவிட்டது. ஒருமுறை கண்டு கொள்வதில்லை. காய்க்கத் தொடங்கிச் சில ஆண்டு கடந்த கொடியாய், குலை நெருங்கி நீண்டதாய் இருத்தல் வேண்டும். மழைக்காலத் தளிரில் ஒருமுறை, மாசிமகத்துக்கு மாரியம்மன் தேர் ஓடும் வறட்சியில் ஒருமுறை, காய் முற்றும்போது ஒருமுறை என ஓராண்டு முழுதும் சென்று பார்ப்பேன். அயலிலுள்ள கொடிகளையும் பார்ப்பேன். கன்று அறுக்கும் கத்தியை ஒரு கொடிக்கும் மறு கொடிக்கும் இடையே தீயிற் காட்டித் துடைப்பேன். திணைக்களம் வெளியிட்ட டிங்கிரால, கொஹுகும்புரே ரால, பூட்டாவே ரால என்னும் இனங்களில் யாதேனும் கிடைப்பின் தாயாக ஓரிரண்டு வாங்குதலும் நன்று. மலையாள நாட்டில் 1971ஆம் ஆண்டில் வெளிவந்த பன்னியூர் இனத்தையும் இங்கு விரும்புவோர் உளர். இனம் எதுவாயினும் இலையைத் திருப்பிப் பார்க்கும் வேலை குறைவதில்லை.

அழுகல் வருமுன் காத்தற்குப் போர்டோக் கலவை தெளிக்கிறேன். மயிற்றுத்தம் பத்துக் கிராம், சுண்ணாம்பு பத்துக் கிராம், நீர் ஒரு லீற்றர் என்பது அளவு. இரண்டையும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீரில் ஊற்ற வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. மினுக்கிய கத்தியைச் சற்றுநேரம் அதில் அமிழ்த்தினால் செம்புநிறம் படியுமாயின் சுண்ணாம்பு போதாது. பிரான்ஸ் நாட்டு முந்திரிகைத் தோட்டங்களுக்கென்று மில்லார்டே என்பவர் இதனை வெளியிட்டது 1885ஆம் ஆண்டில். கோப்பி மடிந்துகொண்டிருந்த மலைகளுக்கு அது வந்து சேரப் பிந்திவிட்டது.

ஐப்பசி மழையோடு நடுவதற்குக் கன்று ஆயத்தமாக வேண்டுமாயின், பையில் நடும் வேலை வைகாசியில் முடிந்துவிட வேண்டும். இவ்வாண்டு இருநூற்றுப் பத்துப் பை வைத்தேன். பதினாறு அழுகியோ வளராமலோ போயின. ஐயத்தின்பேரில் ஒன்பதை யானே எடுத்துவிட்டேன். அம்மாணவன் இப்போது உயர்தரம் படிக்கிறான். சென்ற ஞாயிறு அவனுடைய தந்தை ஐம்பது கன்றுக்காக ஒரு முச்சக்கர வண்டியோடு வந்தார். யான் எடுத்துவைத்த பைகளை வண்டியில் ஏற்றுமுன், ஒவ்வொன்றாய்த் தூக்கி, இலையைத் திருப்பி, தளிரை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். நான்கை ஒதுக்கினார். இரண்டில் எறும்பு இருந்தது. மற்றிரண்டில் எனக்கு ஒன்றும் புலப்படவில்லை. ஆயினும் அவை நான்கையும் இடாப்பில் அடித்துவிட்டு, வேறு நான்கு எடுத்துக் கொடுத்தேன்.